லேப்டாப்புக்கு ரேம் போடப் போறீங்களா? ஸ்க்ரூவைக் கழட்டும் முன் இதைக் கவனிங்க!

“லேப்டாப் ஸ்லோவா இருக்கா? எட்டு ஜிபி ரேம் எக்ஸ்ட்ரா போடு மச்சி, பறக்கும்!” - காலேஜ் ஹாஸ்டல்களில் பல வருஷமா சுத்திவரும் அட்வைஸ் இது. ஆனா, 2025 கடைசியில் இருந்து இந்தக் கணக்கே மாறிடுச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, ரேமின் பழைய விலையை மறந்துவிட வேண்டியதுதான்.

காரணம், ஏ.ஐ! உலகின் மெமரி சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என மூன்றே நிறுவனங்கள். ஏ.ஐ டேட்டா சென்டர்களுக்கு ‘ஹெச்.பி.எம்’ என்ற அதிவேக மெமரி தேவை. லாபமும் அதில்தான் அதிகம். மைக்ரானே சொன்ன கணக்குப்படி, அதே அளவு ஜிபி-க்கு ஹெச்.பி.எம், சாதாரண டி.டி.ஆர்.5 ரேமைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தகடுகளை விழுங்குகிறது. அப்புறம் நமக்கு எங்கே மிச்சம் இருக்கும்? வீட்டிலேயே அப்கிரேடு செய்பவர்கள் நம்பி வாங்கிய ‘குரூசியல்’ பிராண்டு மைக்ரானுடையது. அந்த பிசினஸில் இருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது மைக்ரான்.

இதில் டைமிங்தான் கொடுமை. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், பழைய லேப்டாப் திணறுகிறது. (இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால், எவ்வளவு ரேம் போட்டாலும் விண்டோஸ் 11-ன் தகுதிப் பட்டியலில் பெரும்பாலும் வராது. அதை முதலில் பார்த்துடுங்க.) புதுசு வாங்கலாம் என்றால், அதற்குள் இருப்பதும் அதே விலை ஏறிய மெமரிதான்.

அதனால், காசு செலவழிக்கும் முன் நோய் எதுன்னு கண்டுபிடிங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமா செய்யும் வேலைகளைச் செய்துகொண்டே ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைப் பாருங்க. மெமரி 60 சதவிகிதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100-ல் முட்டிக்கொண்டு நிற்குதா? பிரச்னை ரேமில் இல்லை. உள்ளே இன்னும் ஹார்டு டிஸ்க் சுத்திட்டிருக்கலாம். அப்படின்னா, அதை எஸ்.எஸ்.டி-யாக மாற்றினாலே ஆளே மாறிடும். எஸ்.எஸ்.டி விலையும் ஏறியிருக்கு என்றாலும், பழைய லேப்டாப்புக்கு என் ஓட்டு அதுக்குத்தான்.

மெமரிதான் 90-ஐத் தாண்டுது என்றால், அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் இருக்கு, எத்தனை நிரம்பியிருக்கு என்று பாருங்க. மெலிசான மாடல்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே சோல்டர் செய்துவிடுகிறார்கள். அதுக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை, திறந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது! ஸ்லாட் இருந்தால், டி.டி.ஆர்.4-ஆ, டி.டி.ஆர்.5-ஆ என்று உறுதி செய்துகொள்ளுங்க. ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டிய முதல் ஆள், பேட்டரி. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடிமூடி உப்பியிருந்தாலோ அது வீங்கிய பேட்டரியாக இருக்கலாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். அதை சர்வீஸ் சென்டருக்கு விட்டுடுங்க. மற்றபடி சார்ஜரைக் கழட்டி, மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிட்டுத்தான் எதையும் தொடணும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு பேப்பரில் அடிமூடியை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒட்டி வைத்தால் குழப்பம் இல்லை. டிரைவை மாற்றுவதாக இருந்தால் பேக்கப்போடு, ‘பிட்லாக்கர்’ ரெக்கவரி கீ-யையும் எடுத்து வைங்க. அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டுத் திரை நின்றுவிட்டால், டேட்டா பூட்டுக்குள் போன மாதிரிதான்.

ரேமை மாட்டியதும் திரை கறுப்பாகவே இருக்குதா? பதற வேண்டாம். டி.டி.ஆர்.5 என்றால் முதல்முறை ஆன் ஆக சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அப்புறமும் வரலைன்னா, முழுசா ஆஃப் செய்து பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிட்டு, ரேமைச் சாய்வாக நுழைத்து, தங்க நிறப் பற்கள் முழுசா உள்ளே போனதா என்று பார்த்து அழுத்துங்க. பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. ஒவ்வொரு ரேமாகப் போட்டுப் பார்த்தால், எது சொதப்புதுன்னும் தெரிஞ்சிடும்.

இவ்வளவையும் நாமே தேடித் தெரிஞ்சுக்க வேண்டியிருப்பதுதான் எரிச்சல். பிரான்ஸில் 2021-லேயே, ‘இதை ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம்’ என்று லேப்டாப் உள்ளிட்ட பொருள்களுக்குப் பத்துக்கு மார்க் போட்டு விற்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத்துறை அமைத்த குழு, இதே மாதிரி மதிப்பெண் முறைக்கான அறிக்கையை 2025 மே மாதம்தான் கொடுத்தது. கடை ஸ்டிக்கரில் ‘16 ஜிபி ரேம்’ என்று பெரிசா இருக்கும். அது சோல்டரா, ஸ்லாட்டா என்பதை நீங்கதான் கேட்கணும்.

இன்னொண்ணு. டிஸ்ப்ளே உடைந்து பரண்மேல் கிடக்கும் பழைய லேப்டாப் வீட்டில் இருக்கா? டி.டி.ஆர்.4 ரேம் உள்ளே இருந்தால், எடைக்குப் போட்டுடாதீங்க. உங்க லேப்டாப்புக்கும் அதே வகைன்னா, புதுசு தேடுவதற்கு முன் அதைக் கழட்டி மாட்டிப் பாருங்க.