எஞ்ஜினுக்கு ஒரு ஜாதகம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்களை என் கதைகளில் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். அந்தப் பாவமோ என்னவோ, அமெரிக்காவுக்குப் போயும் பொருத்தம் பார்க்கிறவர்களிடமே அகப்பட்டுக்கொண்டேன். ஒரு வித்தியாசம் உண்டு: அவர்கள் பொருத்தம் பார்த்தது பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அல்ல, காருக்கும் எஞ்ஜினுக்கும்!

என் அக்கா மகன் டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில் உத்தியோகம் பார்க்கிறான். ஒரு கோடையில் அவன் வீட்டில் போய்த் தங்கியிருந்தேன். கார் கொட்டகையில் 1968-ஆம் வருஷத்துப் பான்டியாக் ஜி.டி.ஓ. ஒன்று நின்றது. அதை வாங்கி இரண்டு வருஷமாகியிருந்தது. மனைவியின் முணுமுணுப்பையும் பொருட்படுத்தாமல் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே அர்ப்பணம் செய்திருந்தான்.

இந்த ரகக் கார்களை அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்கிறார்கள். சூத்திரம் எளிது. நடுத்தர அளவுள்ள, விலை மலிவான வண்டியில் பெரிய வண்டியின் எஞ்ஜினைத் தூக்கி வைக்க வேண்டியது. அவ்வளவுதான். நடுத்தர வண்டிகளுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்ஜின் கூடாது என்பது தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. பான்டியாக்காரர்கள் 1964-ல் தங்கள் டெம்பஸ்ட் வண்டியில் 389 கன அங்குல எஞ்ஜினை வைத்தார்கள். 'புது வண்டியா செய்தோம்? விருப்பப்பட்டவர்கள் அதிகப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் உபரிச் சாமான்தானே!' என்று சாதித்து, விதியைச் சாமர்த்தியமாகத் தாண்டினார்கள். 5,000 விற்றால் போதும் என்று நினைத்த இடத்தில் முதல் வருஷமே 32,000-க்கு மேல் விற்றது. ஆக, ஜி.டி.ஓ. என்பது பிறக்கும்போதே எஞ்ஜின் மாற்றிய வண்டி. வாசகர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மருமகனுக்கு வண்டியை விற்றவள் ஒரு கிழவி. அவள் புருஷன் வாலிபத்தில், தொழிற்சாலையில் வாங்கிய கூலியை மிச்சம் பிடித்துப் புதிதாக வாங்கிய வண்டி அது. 1976-ல் எஞ்ஜின் உடைந்துவிட்டது. அவன் பழைய சாமான் கிடங்குக்குப் போய், நொறுங்கிக் கிடந்த பான்டியாக் கட்டலினா ஒன்றிலிருந்து 400 கன அங்குல எஞ்ஜினைக் கழற்றி வந்தான். பான்டியாக்கின் அந்தக் காலத்து எட்டு சிலிண்டர் எஞ்ஜின்கள் பெரும்பாலும் வெளி அளவில் ஒன்றே. ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளை விளக்குப் பிடிக்கச் சொல்லி, அவனே பொருத்தி முடித்தான்.

என் மருமகன் வாங்கியபோது வண்டி பரிதாப நிலையில் இருந்ததாம். கால் வைக்கும் இடத்து விரிப்பைத் தூக்கினால் கீழே தரை தெரிந்ததாம்! குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிற தேசம் அது. டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்புத்தான் தகட்டைத் தின்கிறது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைத்தான். கார்ப்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தான். முன்சக்கரங்களில் பழைய டிரம் பிரேக்கை நீக்கி டிஸ்க் பிரேக் போட்டான். கையில் சூடு பட்ட தழும்புகளை என்னிடம் பதக்கங்களைப் போலக் காட்டினான்.

1995 முதல் ஆகஸ்டு மாதத்தில் உட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் நடந்துவருகிறது. அறுபதுகளில் வாலிபர்கள் இரவில் பந்தயம் விட்ட அதே சாலை. அங்கேதான் அந்த நிபுணர் வந்தார். கையில் விளக்குடன் குனிந்து, எஞ்ஜினின் முன்பக்கத்து ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். வண்டியின் எண்ணோடு ஒப்பிட்டார். உதட்டைப் பிதுக்கினார். "எண் பொருந்தவில்லை. விலையில் பெரும் பகுதி போயிற்று" என்றார். பிரேக்கைப் பார்த்து, "அடடா, இதையும் கெடுத்துவிட்டீர்களே!" என்றார். வண்டி ஓடுமா என்று மட்டும் அவர் கேட்கவே இல்லை!

அன்று மாலை இன்னொருவர் வந்து காதோடு காதாகச் சொன்னார்: "பழைய எண்ணை இழைத்துவிட்டுப் பொருந்துகிற எண்ணை அடித்துத் தர ஆள் இருக்கிறது."

மருமகன் இரண்டு இரவு தூங்கவில்லை. குழந்தையின் படிப்புக்கென்று வைத்திருந்த பணத்திலும் கை வைத்திருந்தான். "மாமா, ஊரில் எல்லோரும் செய்கிறார்கள் என்கிறார்களே?" என்று என்னைக் கேட்டான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

எண்ணைத் திருத்துகிறவன் மோசக்காரன், அதில் விவாதமில்லை. ஆனால் அவனுக்குத் தொழில் கொடுத்தவர் யார்? 1971-ஆம் வருஷத்து ஹெமி குடா ஒன்று 2014-ல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கூலிக்கார வாலிபனுக்காகச் செய்த ரகம், பணக்காரன் வீட்டுப் பூஜை அறைக்குப் போய்விட்டது. எண்ணுக்கு இவ்வளவு காசு என்று விலை வைத்துவிட்டு, எண்ணைப் பொய்யாகப் பொறிக்கிறார்களே என்று பிற்பாடு அங்கலாய்ப்பது என்ன நியாயம்? வரதட்சிணைக்காக ஜாதகத்தைத் திருத்துகிற தரகனை மட்டும் வைது என்ன பயன்?

"சரித்திரத்தைக் காப்பாற்ற வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே சில வண்டிகள் காட்சிசாலையில் இருக்கட்டும், கும்பிடுகிறேன். ஆனால், எஞ்ஜின் உடைந்ததும், ஒரு தொழிலாளி கிடங்குக்குப் போனதும், பிள்ளைகள் விளக்குப் பிடித்ததும் சரித்திரம் இல்லையா? 1968-ல் ஒரு நாள் தொழிற்சாலையில் நடந்தது மட்டும்தானா சரித்திரம்?

"உபயோகித்தால் அழிந்துவிடுமே!" என்பார்கள். 'புல்லிட்' சினிமாவில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய மஸ்டாங்கை 1974-ல் ஒரு குடும்பத்தார் சுமார் 6,000 டாலருக்கு வாங்கினார்கள். வீட்டு அம்மாள் அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்வந்தாள். பூசி மெழுகாத அதே வண்டி 2020-ல் 34 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சினிமாப் புகழ்தான் முக்கியக் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடம் போய்வந்ததால் அதன் மானம் போய்விடவில்லையே!

மருமகனுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "அந்தக் கிழவியைக் கூட்டிக்கொண்டு வா" என்றேன். வந்தாள். எஞ்ஜினைக் கிளப்பியதும் முன் ஆசனத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மருமகன் என்னைப் பார்த்தான். அன்றிரவே வண்டியின் தஸ்தாவேஜில் தன் கையெழுத்தில் எழுதி வைத்தான்: 'எஞ்ஜின் கட்டலினா வண்டியுடையது. 1976-ல் முதல் சொந்தக்காரர் பொருத்தியது.'

விலை குறையும், குறையட்டும். குழந்தையின் படிப்புப் பணத்தை மாதா மாதம் சேர்த்துவிடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான். நிபுணரிடம் நான் சொல்ல நினைத்து, பாஷைப் பிசகுக்குப் பயந்து விழுங்கிய வார்த்தையை இங்கே சொல்லிவிடுகிறேன்: பத்தில் ஒரு பொருத்தம்கூட இல்லாமல் ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்திய தம்பதிகளை எனக்குத் தெரியும், ஐயா!