‘வண்டி ஓடுகிறதே!’ என்பது ஒரு பதிலா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்று நம்மவர் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அது அடியோடு நின்றுபோக வேண்டும். நிற்காதவரை அதற்குச் செலவு செய்வது வீண் என்பது பலருடைய எண்ணம். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைப் பழைய டீசல் கார் ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அறிவியல் மாணவன் ஆண்டு மலரில் அணுவைப் பற்றி எழுதலாம், விண்வெளியைப் பற்றி எழுதலாம். மவுண்டிங் ரப்பரைப் பற்றியா எழுதுவது என்று தோழர்கள் சிரிக்கலாம். என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுநர். வண்டி அவருடையதன்று, சம்பளத்துக்கு ஓட்டுகிறார். மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் 2014-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், அதிலும் டீசல் வண்டி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் படிப்புக்கான பணம் அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து வருகிறது. அந்த இருக்கை ஏன் இப்படி அதிர்கிறது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ இருபது மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறார்கள். ஆகவே ஒவ்வோர் எரிப்பும் ஒரு சம்மட்டி அடி. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இருமுறை இந்த அடியைக் கொடுக்கும். வண்டி நிற்கும்போது நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், விநாடிக்குச் சுமார் 27 அடிகள்!

இவ்வளவையும் வாங்கிக்கொள்வது எஞ்சினுக்கு இருபுறமும் கியர் பெட்டிக்கு அடியிலும் இருக்கும் கையளவு ரப்பர்தான். நாம் வகுப்பில் படிக்கும் திணிப்பு அதிர்வு இங்கே வேலை செய்கிறது. எஞ்சினும் ரப்பரும் சேர்ந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண், திணிக்கும் அதிர்வெண்ணை 1.41-ஆல் வகுத்தால் வருவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 27-க்கு அது 19. ரப்பர் மெத்தென்று இருக்கும்வரை இது நடக்கும். சூட்டிலும் ஆயில் கசிவிலும் கெட்டு ரப்பர் இறுகினாலோ, கிழிந்து இரும்போடு இரும்பு மோதினாலோ, அதிர்வு நேரே பாடிக்குப் போகிறது. பிறகு சைலன்சர் குழாய் விரிசல் விடும், போல்ட்டுகள் கழலும், ஓட்டுநரின் இடுப்பு வலிக்கும்.

ஷாக் அப்சார்பரின் கதையும் இதுதான். பள்ளத்தில் விழுந்த வண்டியை ஸ்பிரிங் தாங்குகிறது. ஆனால் ஆடிய ஆட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. சிறு துளைகள் வழியே எண்ணெயைத் தள்ளி, அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவது ஷாக் அப்சார்பர்தான். அது செத்துப்போனால் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். சாலையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக் இருந்தும் பயன் என்ன?

இவற்றை மாற்றச் சொன்னால் முதலாளிகள் சொல்லும் பதில்கள் மூன்று. முதலாவது, “வண்டி ஓடுகிறதே!” என்பது. ஓடுகிறது, உண்மை. ஆனால் முதலாளி அதில் அரை மணி நேரம் பின்னால் உட்கார்கிறார். ஓட்டுநர் பத்து மணி நேரம் முன்னால் உட்கார்கிறார். உட்கார்ந்திருக்கும் மனித உடலை விநாடிக்கு 4 முதல் 8 வரையான செங்குத்து அதிர்வுகள்தாம் மிகவும் வாட்டுகின்றன என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. ஆண்டுக்கணக்கில் குலுங்கும் ஓட்டுநர்களுக்கு முதுகுவலி மிகுதி என்பதும் அப்படியே.

இரண்டாவது, “கிழிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்” என்பது. ஒன்று கிழிந்த நாள் முதல் அதன் பாரத்தையும் மற்றவை சுமந்திருக்கின்றன. அவற்றோடு புதியதைச் சேர்த்தால் அதுவும் விரைவில் கெடும். மவுண்டிங்கை மொத்தமாகவும், ஷாக் அப்சார்பரை இடம் வலம் என்று ஜோடியாகவும் மாற்றுவதே சிக்கனம். பழைய டயரை வெட்டித் திணிப்பது சிக்கனமே அன்று. அந்த இறுகிய துண்டு இயல்பு அதிர்வெண்ணை உயர்த்தி அதிர்வைக் கடத்தும்.

மூன்றாவது, “காயலான் கடைக்குப் போகும் வண்டிக்கு எதற்கு?” என்பது. பல வண்டிகள் காயலான் கடைக்குப் போவதே இந்தக் குலுக்கலைக் கிழத்தனம் என்று நினைப்பதால்தான். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: புகையையும் தேய்ந்த எஞ்சினையும் ரப்பர் குணப்படுத்தாது. நாசில் கெட்டு ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் எஞ்சின் குலுங்கும். அதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையும் மலையைப் புரட்டுவது அன்று. ஜாக்கியின்மேல் பலகை வைத்து எஞ்சினின் பாரத்தைத் தாங்கி, பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, எஞ்சின் தன் இடத்தில் அமர்ந்த பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஷாக் அப்சார்பரின் புஷ்களையும் வண்டி சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியே கிடந்து சீக்கிரம் கிழியும். பட்டறைக்காரர் இதைச் சூத்திரம் இல்லாமல் அறிந்திருக்கிறார். நாம் சூத்திரத்தை அறிந்தும் மவுண்டிங்கைக் கண்ணால் பார்த்ததில்லை. நம் ஆய்வகத்தில் கிழிந்த மவுண்டிங் ஒன்றை வைத்து, ஒரு மெக்கானிக்கை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் செய்யுமாறு பேராசிரியர்களை வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1931-இலேயே பிளைமவுத் காரின் எஞ்சினை ரப்பரின்மேல் அமர்த்தி, அதையே பெருமையாக விளம்பரம் செய்தது. நமக்கோ ரப்பர் பஞ்சமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் மரமாகவே நிற்கிறது. பஞ்சம் நம் மனத்தில்தான்.

தோழர்களே, நாளை நம்மில் சிலர் கார் வாங்குவோம், ஓட்டுநரையும் அமர்த்துவோம். அவர் வந்து, “சார், மவுண்டிங் போய்விட்டது” என்றால், வண்டி ஓடுகிறதா என்று கேட்காதீர்கள். ஒருநாள் முழுவதும் அவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.