ஆதார் எடுக்கப் போறீங்களா? அந்த ஒரு நிமிஷம் திரையைப் பாருங்க!

குழந்தை பிறந்தால் பெயர் வைக்கிறோம், மொட்டை போடுகிறோம், காது குத்துகிறோம். நம் வீடுகளில் இந்த வரிசையில் இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: ஆதார் எடுப்பது. முதல் மூன்றுக்கும் நாள் பார்க்கிறோம், பத்துப் பேரைக் கலந்துகொள்கிறோம். நான்காவதை மட்டும் "போற வழியில முடிச்சிட்டு வந்திடலாம்" என்று அவசரமாக முடிக்கிறோம். அதில் விழுந்த ஓர் எழுத்துப் பிழைக்காகப் பிறகு வருடக்கணக்கில் அலைகிறோம்.

ஆதார் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளைப் படித்தால், திரும்பத் திரும்ப மூன்று விஷயங்கள்தான் வருகின்றன. இனிஷியல் தப்பு. பிறந்த தேதி தப்பு. ஓடிபி போகும் செல்போன் எண் யாருடையதோ. மூன்றுமே பதிவு நாளில் அந்த மேசையில் வைத்தே தடுத்திருக்கக்கூடியவை. அதனால் இந்த வாரம் பதிவைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எண்ணுக்கு எதுவும் தெரியாது

நாட்டின் முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29 அன்று, மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள ஒரு சின்ன கிராமத்தில் வழங்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை அது 12 இலக்க எண். 0, 1 ஆகியவற்றில் தொடங்காது. உங்கள் ஊர், வயது, சாதி எதுவும் அந்த இலக்கங்களுக்குள் ஒளிந்திருக்காது. கணினி குலுக்கிப் போட்டுத் தரும் எண் அது. ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் அதே எண்தான்.

அந்த எண்ணை 'நீங்கள்' ஆக்குவது அதோடு சேர்ந்து பதிவாகும் விவரங்கள். பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, ஒரு புகைப்படம் ஆகியவற்றை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி ஆகிய நான்கையும் ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறார். காலையிலிருந்து எத்தனையோ பேருக்குத் தட்டச்சு செய்த கை அது. பிழை நுழையும் வாசல் அங்கேதான் இருக்கிறது.

மேசையில் நடப்பது என்ன?

தமிழ்நாட்டில் தபால் நிலையங்கள், சில வங்கிக் கிளைகள், தாலுகா அலுவலகங்களில் அரசு கேபிள் டிவி நிறுவனம் நடத்தும் மையங்கள், எல்காட் மையங்கள் எனப் பல இடங்களில் பதிவு நடக்கிறது. முதல்முறை பதிவு முழுக்க இலவசம். யாராவது பணம் கேட்டால் 1947 என்ற எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

அசல் ஆவணங்களைக் கொண்டுபோக வேண்டும். அவற்றை ஸ்கேன் செய்துவிட்டு உங்களிடமே திருப்பித் தருவார்கள். விவரங்களைத் தட்டச்சு செய்தபின், உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் இன்னொரு திரையில் எல்லாம் தெரியும். அந்தத் திரை உங்களுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால், நம்மில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

ஒரு தபால் நிலையத்தில் வரிசையில் நின்றபோது பார்த்தேன். பேத்தியோடு வந்திருந்த பெரியவரிடம் பதிவு செய்யும் பெண், "ஐயா, ஸ்கிரீன்ல பேரைப் பாருங்க, சரியா இருக்கா?" என்று கேட்டார். அவர் திரை பக்கமே திரும்பாமல், "நீ போட்டா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். அந்தப் பெண் விடவில்லை. "கையெழுத்து நீங்கதானே போடப்போறீங்க? ஒருவாட்டி படிச்சிடுங்க." பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். வீட்டு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. இரண்டு நொடியில் திருத்திவிட்டார்கள்.

அப்படிக் கேட்பவர் எல்லா மேசையிலும் இருக்கமாட்டார். கேட்காவிட்டாலும், "ஒரு நிமிஷம், நான் படிச்சுப் பார்த்துக்கிறேன்" என்று சொல்வது உங்கள் உரிமை. பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டினால் கொட்டட்டும்.

இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?

குடும்பப் பெயர் இல்லாத நமக்கென்றே வந்து வாய்த்த சிக்கல் இது. அப்பா பெயர் செந்தில், பையன் பெயர் கவின் என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் 'கவின்'. பள்ளியில் 'செ.கவின்'. ஆதாரில் 'கவின் எஸ்'. பான் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் அதில் 'கவின் செந்தில்'. ஒரே பையன், நான்கு பெயர்கள். நமக்கு இது வித்தியாசமாகவே தெரியாது. கணினிக்கு இவர்கள் நான்கு பேர். பானோடு ஆதாரை இணைக்கும்போதும் பி.எஃப் பணம் எடுக்கும்போதும் 'பெயர் பொருந்தவில்லை' என்று வந்து நிற்பது இதனால்தான்.

எனவே குழந்தைக்கு ஆதார் எடுக்கும் முன்பே, பெயரை இப்படித்தான் எழுதப்போகிறோம் என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். இனிஷியலா, அப்பா அல்லது அம்மாவின் முழுப்பெயரா, ஆங்கில எழுத்துகள் எவை, நடுவில் இடைவெளி உண்டா என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

தமிழ் வரியையும் படியுங்கள். ஆங்கிலத்தில் அடித்ததைக் கணினியே தமிழாக்கும்போது 'பழனி' 'பலனி' ஆகலாம், 'இளங்கோ' 'எலங்கோ' ஆகலாம். நம் ழகரமும் ளகரமும் அந்த மென்பொருள்களிடம் படும் பாடு ஊரறிந்தது.

இதற்கும் முன்னால் இன்னொரு படி உண்டு. குழந்தை பிறந்தவுடன் வாங்கும் பிறப்புச் சான்றிதழில் பல வீடுகளில் பெயர் இருக்காது. பிறப்பைப் பதிந்த ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அங்கே இருக்கும் பெயர் ஆதாருக்கு வரும், ஆதாரில் இருப்பது பள்ளிப் பதிவுக்குப் போகும், அது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். முதல் கண்ணி கோணினால் கடைசிவரை கோணல்தான்.

தெருவே ஜனவரி 1-ல் பிறந்த கதை

என் பாட்டியின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. அவர் தங்கைக்கும் ஜனவரி 1. எதிர்வீட்டுத் தாத்தாவுக்கும் அதுவே. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் அட்டையை எடுத்துப் பாருங்கள், அங்கேயும் ஒருவர் இருப்பார்.

காரணம் எளிது. பிறந்த தேதிக்கு ஆவணம் இல்லாத பெரியவர்கள் உத்தேசமாக வயதைச் சொன்னால், அதிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டு, தேதியை ஜனவரி 1 என்று கணினி வைத்துக்கொள்ளும். தேதி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆண்டு தவறினால்தான் ஆபத்து. 60 வயது அம்மாவை யாரோ 54 என்று பதிந்திருந்தால், முதியோர் உதவித்தொகைக்கு அவர் இன்னும் ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டும். 'வயசைக் குறைச்சுச் சொன்னா நல்லதுதானே' என்று அன்று சிரித்தவர்கள் இன்று தாலுகா அலுவலகப் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னும் பதியாத பெரியவர் வீட்டில் இருந்தால், வயதை வீட்டிலேயே நிதானமாகக் கணக்குப் பாருங்கள். "தனுஷ்கோடியைப் புயல் அடிச்சப்ப எனக்கு ஏழு வயசு" என்று சொல்வாரானால், அது 1964 டிசம்பர். அவர் பிறந்தது 1957 வாக்கில். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மேசையில் நேரம் இருக்காது.

ஆயுள் முழுவதிலும் பெயரை இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும் என்பது விதி. அதற்கு மேல் என்றால் விளக்கக் கடிதம், மண்டல அலுவலகம் என்று இழுக்கும். 2025 அக்டோபர் முதல் பெயர், முகவரி போன்றவற்றைத் திருத்த 75 ரூபாய், ரேகை, கருவிழி புதுப்பிக்க 125 ரூபாய். பணம் பெரிதில்லை. போகும் நாள் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

5 வயது, 15 வயது

ஐந்து வயதுக்குள் எடுக்கும் 'நீல ஆதார்'-ல் குழந்தையின் புகைப்படம் மட்டுமே இருக்கும். ரேகையும் கருவிழியும் எடுக்கமாட்டார்கள். அப்பாவோ அம்மாவோ தன் ரேகையை வைத்து உறுதி செய்ய வேண்டும். ஐந்து வயது முடிந்ததும் குழந்தையின் ரேகையையும் கருவிழியையும் கொடுக்க வேண்டும். 15 வயதில் மீண்டும் ஒருமுறை. ஏழு வயது தாண்டியும் புதுப்பிக்காவிட்டால் எண் முடக்கப்படலாம்.

5 முதல் 7 வயது வரையும், 15 முதல் 17 வரையும் இது இலவசம். இடைப்பட்ட வயதினருக்கும் 2025 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்குக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் 'பயிலும் பள்ளியிலேயே ஆதார் பதிவு' என்று பள்ளிகளிலும் முகாம்கள் நடத்தப்பட்டன. உங்கள் பிள்ளையின் பள்ளியில் முகாம் எப்போது என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள். பிளஸ் டூ முடிந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் வாரத்தில் பிள்ளையோடு வரிசையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஆதார் இல்லை என்பதற்காகப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ரேகை விழாத கைகள்

வருடக்கணக்கில் பாத்திரம் தேய்த்த கை, செங்கல் சுமந்த கை, நாற்று நட்ட கை. இந்தக் கைகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். இயந்திரம் மறுத்ததும், "எனக்கு ஆதார் கிடைக்காதாம்" என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அப்படித் திரும்ப வேண்டியதில்லை. விரல் ரேகை கிடைக்காவிட்டால் கருவிழியை மட்டும் வைத்துப் பதியலாம். கருவிழி முடியாவிட்டால் ரேகையை மட்டும். இரண்டுமே முடியாதவர்களுக்கும் விதிவிலக்குப் பதிவு இருக்கிறது. 2023-ல் கேரளத்தில் விரல்களே இல்லாத ஒரு பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்டு, செய்தியானபின் வீடு தேடிப் போய்ப் பதிந்தார்கள். அதன்பின் இந்த விதியை எல்லா மையங்களுக்கும் மீண்டும் வலியுறுத்தினார்கள். மையத்தில் மறுத்தால் 'விதிவிலக்குப் பதிவு' என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள்.

எண் இன்னும் வரவில்லை என்றாலும் அரசு உதவி நிற்கக் கூடாது. ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவே, எண் கிடைக்கும்வரை வேறு அடையாளத்தைக் காட்டிப் பெறலாம் என்கிறது.

கிளம்பும் முன்

* பெயர், பிறந்த தேதி, முகவரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.
* பெரியவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி வேண்டும். மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.
* வீட்டில் ஒருவரின் செல்போன் எண்ணையே கொடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைக் கொடுத்தால், பின்னால் ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரைத் தேடி ஓட வேண்டும்.
* ஒப்புகைச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். அதில் உள்ள எண்ணும் தேதி, நேரமும் இருந்தால்தான் ஆதார் வந்ததா என்று பார்க்க முடியும்.
* 18 வயதுக்கு மேல் முதல்முறை பதிபவர்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு உண்டு. நாளாகும், பதற வேண்டாம்.
* அட்டை தொலைந்தால் புதிதாகப் பதியாதீர்கள். பழைய ரேகையோடு பொருந்தி நிராகரிக்கப்படும். பழைய எண்ணையே மீட்க முடியும்.

இதைப் படித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் வீட்டில் உள்ள எல்லாருடைய ஆதார் அட்டையையும் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தோடு அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்தாவது மாறியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அவசரம் எதுவும் இல்லாதபோது செய்யும் திருத்தம்தான் சுலபமான திருத்தம்.