நிற்பதும் வேலைதான்

சென்னை மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு பேரைப் பார்க்காத தமிழர்கள் குறைவு. 1959இல் திறக்கப்பட்ட அந்த உழைப்பாளர் சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்புக்கு வந்தவர்; ஆளை எதிரே நிறுத்தி வரைகிற பயிற்சிக்கு அங்கே அழுத்தம் கொடுத்தவர். சிலைக்காக அவர் எதிரே நின்றவர்களில் பள்ளியின் காவலாளி ஒருவரும் உண்டு என்பார்கள். சிற்பியின் பெயர் பாடப் புத்தகம்வரை வந்துவிட்டது. நின்றவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோலார் தங்கவயலிலிருந்து நாங்கள் நான்கு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரில் இப்படியொரு வகுப்புக்குப் போனோம். ஒருவர் தையற்காரர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் பெங்களூருக்குத் தினமும் செக்யூரிட்டி வேலைக்குப் போய்வருகிறவர். நால்வருமே சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரைந்ததோடு சரி. "துணி கட்டியிருப்பாங்களா?" என்பதே வழி முழுக்கப் பேச்சு.

கட்டியிருந்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிய, அறுபதைத் தாண்டிய மனிதர். மேடையில் ஏறி நின்றதும் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டார்கள். ஓய்வு முடிந்து வந்தால் அதே இடத்தில் நிற்பதற்காக. முதலில் ஒரு நிமிடத்துக்கு ஒரு நிலை. கரித்துண்டு காகிதத்தில் பதியும் முன்பே அடுத்த நிலை. பிறகு இருபது நிமிடம் ஒரே நிலை. "தெரிந்ததை வரையாதீர்கள், கண்ணுக்குத் தெரிவதை வரையுங்கள்" என்றார் ஆசிரியர்.

சொல்வது சுலபம். நமக்கு 'கை' என்றால் ஐந்து விரல் என்று தெரியும். எதிரே இருப்பவரின் கையில் மூன்றுதான் தெரிகிறது. கை ஐந்தைப் போடுகிறது. பாரம் எந்தக் காலில் இறங்குகிறதோ அந்தப் பக்கம் இடுப்பு ஏறும், தோள் இறங்கும். "இத்தனை வருஷமா தோள் அளவு எடுக்கறேன், இதைப் பார்த்ததே இல்லையே" என்றார் தையற்காரர். அரை மணி நேரத்தில் சிரிப்பும் கூச்சமும் போன இடம் தெரியவில்லை. துணியைப் பற்றி யாரும் பேசவில்லை. கரி தேய்க்கும் சத்தம் மட்டும்.

எங்கள் ஊருக்கு இது புதிது. தங்கவயலில் உடம்பைப் பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சுரங்கத்திலிருந்து மேலே வந்தால் தங்கம் ஒளித்திருக்கிறானா என்று பார்த்தார்கள். நெஞ்சில் எவ்வளவு கல்தூசி படிந்திருக்கிறது என்று பார்த்தார்கள். 1940 முதல் 1946 வரை நடந்த பரிசோதனையில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் சிலிகோசிஸ் நோய் இருந்தது. பெருவிரல் ரேகையைப் பதியச் சொன்னார்கள். அதை எதிர்த்து 1930இல் சுரங்கமே நிற்கும்படி வேலைநிறுத்தம் செய்தார்கள் எங்கள் பாட்டன்கள். உடம்பை அடுத்தவர் பார்ப்பது என்றால் எங்களுக்குச் சந்தேகத்தோடு பார்ப்பது என்றுதான் பொருள். வரைவதற்காகப் பார்க்கிறவனுக்கு எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்த மனிதர் எப்படி நிற்கிறாரோ அப்படியே காகிதத்தில் நின்றால் போதும்.

வகுப்பில் இன்னொன்றும் கவனித்தேன். மாதிரியாக நிற்பவர்தான் அங்கே நேரத்தைத் தீர்மானிக்கிறார். கால் மரத்துவிட்டது என்றால் ஓய்வு. போட்டோ எடுக்கக் கூடாது. வகுப்பு முடிந்ததும் கையில் கூலி. சும்மா நிற்பதற்குக் கூலியா என்று கேட்பவர்கள், இருபது நிமிடம் ஒரு கையைத் தூக்கியபடி நின்று பார்க்கட்டும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர்கள் வயதாகி ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சைனைடு மேட்டையும் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரத்தையும் படம் பிடிக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். லைன் வீட்டுத் திண்ணையில் மூச்சு வாங்கியபடி உட்கார்ந்திருக்கும் பெரியவரின் தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உட்கார்ந்து பார்க்கிறவர்கள் குறைவு.

இதற்கு ஓவியக் கல்லூரி வேண்டாம். ஆண்டர்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ ஒரு கூடம், பழைய செய்தித்தாள், கொஞ்சம் கரி, வரையத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். நம் பிள்ளைகள் மாதத்துக்கு ஒருமுறை நம் பெரியவர்களை உட்கார்த்தி வரையலாம். கீழே அவர் பெயரை எழுத வேண்டும். முக்கியமாக, நம்ம ஊர் தாத்தாதானே என்று டீயோடு அனுப்பிவிடக் கூடாது. கூலியை எண்ணிக் கையில் கொடுக்க வேண்டும்.