காற்றாலைக்கும் நாடி பார்க்க வேண்டும்!

நெல்லையில் இருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்சில் போகிறவர்கள், முப்பந்தல் வந்ததும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள்! "காற்று சும்மா வீசுகிறது. சக்கரம் சும்மா சுற்றுகிறது. இதற்கு என்ன செலவு?" என்று பலர் நினைக்கிறார்கள்.

அது சும்மா சுற்றவில்லை.

பெரிய காற்றாலையின் இறக்கைகள் நிமிடத்துக்கு 15 அல்லது 20 சுற்றுதான் சுற்றும். மின்சாரம் தரும் ஜெனரேட்டர் சுமார் 1,500 சுற்று சுற்ற வேண்டும். நடுவில் இருந்து வேகத்தைக் கூட்டித் தருவது கியர் பெட்டி. (கியர் பெட்டி இல்லாத காற்றாலைகளும் உண்டு. அது தனிக் கதை.)

இந்தப் பெட்டியில் உள்ள ஒரு பேரிங்கில் சிறு கீறல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. சக்கரம் சுற்றும். மின்சாரமும் வரும். கீறல் பெரிதாகும். இரும்புத் துணுக்கு உதிர்ந்து எண்ணெயில் கலக்கும். அது பல் சக்கரத்தைக் கடிக்கும். ஒரு நாள் எல்லாம் நின்றுவிடும்!

அப்புறம் ராட்சத கிரேன் வரவேண்டும். பெட்டியை இறக்கவேண்டும். புதியது வரும் வரை காத்திருக்கவேண்டும். அது காற்றுக் காலமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில்தான் ஆண்டு வருமானத்தின் பெரும் பகுதி கிடைக்கிறது.

எண்ணெய் சொல்லும் சேதி

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, எந்திரத்துக்கும் நாடி பார்க்கலாம். கியர் பெட்டியின் மேல் அதிர்வு அளக்கும் கருவியை ஒட்டி வைக்கிறார்கள். நல்ல பேரிங் ஒருவிதமாக அதிரும். கீறல் விழுந்தது வேறுவிதமாக அதிரும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, முன்கூட்டியே எச்சரிக்கும். பேரிங்கின் சூட்டையும் அளக்கிறார்கள். எண்ணெயைச் சோதித்து, அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இது எல்லாம் பணக்காரக் கம்பெனிகளின் வேலை என்று சிறிய முதலாளிகள் ஒதுங்குவது சரி அல்ல. 1990-களில் நிறுவிய சிறிய காற்றாலைகள் நம் மாநிலத்தில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் விலை உயர்ந்த கருவி வைப்பது கட்டாது. உண்மைதான். ஆனால் எண்ணெய்ச் சோதனைக்கு ஒரு சிறு புட்டி எண்ணெய் போதும். கையில் எடுத்துப் போகும் அதிர்வுக் கருவி ஒன்றை வாங்கி, பத்துப் பேர் முறைவைத்துப் பயன்படுத்தலாமே! காற்று ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் சோதித்தால் நஷ்டமும் குறைவு.

இன்னொன்று. கருவி எச்சரித்த பிறகும், "நல்ல காற்று வீசுகிறது, சீசன் முடியட்டும்" என்று ஓட்டினால் கருவி இருந்து என்ன பயன்? நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறவருக்கா, கோபுரத்தில் ஏறி எந்திரத்தைப் பார்க்கிறவருக்கா? ஏறுகிறவருக்கே அது இருக்கவேண்டும் என்பது என் கருத்து. கீறலுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர் அவர்தான்.

அந்த வேலையை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே கற்றுத் தரலாம். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் காற்றாலைகளைப் பார்த்தபடி வளர்ந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவருக்கு அதிர்வுக் கோட்டைப் படிக்கச் சொல்லித் தருவது முடியாத காரியம் அல்ல. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிறுவப்பட்டு இருக்கின்றன. வேலைக்குப் பஞ்சம் இல்லை.