சீட்டில் பெயரை எழுதுவது யார்?

தேர்தல் நாளன்று வாக்குச் சாவடிக்குப் போகிறோம். கையில் ஒரு சீட்டைத் தருகிறார்கள். அதில் இரண்டு மூன்று பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. விரும்பிய பெயருக்கு நேரே அடையாளமிட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, நம் கடமை தீர்ந்தது என்று வீடு திரும்புகிறோம். ஆனால், அந்தப் பெயர்களைச் சீட்டில் ஏற்றியவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் இந்த இருவர் மட்டும் எப்படி அங்கே வந்தார்கள்?

இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய நாடு அமெரிக்கா. அங்கே நவம்பர் மாதத்தில் நடக்கும் ஜனாதிபதித் தேர்தலைப் பற்றித்தான் நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே இன்னொரு தேர்தல் நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிரைமரி என்று பெயர். தமிழில் முன்தேர்தல் எனலாம்.

அதன் முறை இதுதான். தேர்தல் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஜூன் மாதம் வரை, மாநிலம் மாநிலமாக, ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனியே வாக்கெடுப்பு நடக்கும். சில மாநிலங்களில் அந்தக் கட்சியில் பெயர் பதிந்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். வேறு சிலவற்றில் எந்த வாக்காளரும் கலந்துகொள்ளலாம். இன்னும் சிலவற்றில் சீட்டுக்குப் பதிலாக ஊர்க்கூட்டம் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். கிடைத்த வாக்குக்கு ஏற்ப ஒவ்வொரு போட்டியாளருக்கும் பேராளர்கள் சேருவார்கள். கோடையில் கூடும் கட்சி மாநாட்டில் பாதிக்கு மேற்பட்ட பேராளர்கள் யார் பக்கம் நிற்கிறார்களோ, அவரே கட்சியின் வேட்பாளர்.

இது கட்சிக்குள் நடக்கும் சடங்குதானே என்று எண்ணிவிட வேண்டாம். டெக்சஸ் மாநிலத்தின் கதையைக் கேளுங்கள். அந்நாளில் அங்கே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர்தான் வழக்கமாக வெற்றி பெறுவார். அந்தக் கட்சி தன் முன்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று விதி செய்து வைத்திருந்தது. நவம்பர் தேர்தலில் வாக்களிக்கக் கறுப்பு இனத்தவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் அதற்குள் காரியம் முடிந்திருக்கும்! ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் என்பவர் வழக்குத் தொடுத்தார். 1944-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மக்களின் உரிமையைப் பறிக்க நினைத்தவர்கள் கடைசி வாக்கை விட்டுக்கொடுத்தார்கள். பெயர் குறிக்கும் உரிமையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். எது பெரிது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முன்தேர்தல் எளிதில் வந்துவிடவில்லை. ஆரம்ப காலத்தில் கட்சித் தலைவர்களும் மாநிலப் பெரும்புள்ளிகளும் மாநாட்டில் பேரம் பேசித்தான் வேட்பாளரை முடிவு செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநில ஆளுநர் ராபர்ட் லாஃபாலெட் போன்றோர் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். கட்சிப் பெருந்தலைகளிடமும், அவர்களுக்குப் பின்னால் நின்ற ரயில் கம்பெனிகளிடமும் இருந்த அதிகாரம் மக்கள் கைக்கு வர வேண்டும் என்றார்கள். சில மாநிலங்களில் முன்தேர்தல் சட்டமாயிற்று.

ஆனால் சட்டம் வந்தும் பெருந்தலைகள் பிடியைத் தளர்த்தவில்லை. 1912-இல் குடியரசுக் கட்சியின் முன்தேர்தல்களில் தியடோர் ரூஸ்வெல்ட் ஒன்பது மாநிலங்களில் வென்றார். பதவியிலிருந்த ஜனாதிபதி டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவும் அவற்றுள் ஒன்று. எனினும் மாநாடு டாஃப்டையே நிறுத்தியது. 1952-இல் ஜனநாயகக் கட்சியின் கீஃபாவர் பதினைந்து முன்தேர்தல்களில் பன்னிரண்டை வென்றார். மாநாடு ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்தது. மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் விருப்பப்படி செய்தார்கள்.

1968-ஆம் ஆண்டில் பானை பொங்கி வழிந்தது. வியட்நாம் போரை எதிர்த்த மெக்கார்த்தி நியூ ஹாம்ப்ஷயர் முன்தேர்தலில் நூற்றுக்கு 42 வாக்குகள் பெற்றார். அந்த மாதமே ஜனாதிபதி ஜான்சன் தாம் மீண்டும் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். ஜூன் மாதத்தில், கலிபோர்னியாவில் வென்ற அன்றிரவே ராபர்ட் கென்னடி சுடப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். ஆகஸ்டில் சிக்காகோ மாநாடு ஒரு முன்தேர்தலில்கூடப் போட்டியிடாத ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது. வெளியே தெருவில் போலீஸார் இளைஞர்களை அடித்து நொறுக்கினார்கள். நவம்பரில் ஹம்ஃப்ரி தோற்றார். அதன் பிறகே, பேராளர்களைத் தேர்ந்தெடுப்பதில் சாதாரண உறுப்பினருக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று கட்சி புது விதிகளை வகுத்தது. 1972 முதல் முன்தேர்தலே வேட்பாளரை முடிவு செய்யும் வழியாயிற்று.

இங்கே தொழிற்சங்கத்தார் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஹம்ஃப்ரி தொழிலாளரின் நண்பர். பழைய முறையில் அவரைத் தூக்கி நிறுத்தியவர்களில் தொழிற்சங்கப் பெருந்தலைவர்களும் இருந்தார்கள். புது விதிகளால் அவர்களுடைய செல்வாக்கும் குறைந்தது. 1972-இல் மெக்கவர்ன் வேட்பாளரானபோது, ஜார்ஜ் மீனியின் தலைமையிலிருந்த அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனம் எவரையும் ஆதரிக்காமல் ஒதுங்கி நின்றது. மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார். ‘பார்த்தீர்களா, மக்களிடம் விட்டால் இப்படித்தான்’ என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1860-இல் ஆபிரகாம் லிங்கனை நிறுத்தியதும் பழைய முறை மாநாடுதானே என்றும் கேட்பார்கள்.

உண்மைதான். மூடிய அறையிலிருந்தும் நல்லவர் வரலாம். ஆனால் அப்படி வந்தால் அது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். நம்முடைய உரிமை அன்று. தீயவர் வந்தால் யாரைப் போய்க் கேட்பது?

அதற்காக முன்தேர்தலில் குற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாநிலம் மாநிலமாகச் சுற்றிப் பிரசாரம் செய்யப் பெரும் பணம் வேண்டும். ஆகவே பணக்காரரின் தயவு வேண்டும். முதலில் வாக்களிக்கும் சின்ன மாநிலங்களுக்கு அளவுக்கு மீறிய செல்வாக்கு. பலர் போட்டியிட்டு வாக்குகள் சிதறினால், சிறுபான்மை ஆதரவு உள்ளவரும் முன்னேறிவிடலாம். 2016-இல் தென் கரோலினாவில் டிரம்ப் பெற்றது நூற்றுக்கு 33-க்கும் குறைவு. அந்த மாநிலத்தின் 50 பேராளர்களும் அவருக்கே போனார்கள். 2024-இல் ஜனாதிபதி பைடன் முன்தேர்தல்களில் வென்ற பிறகு, ஜூலை மாதம் விலகிக்கொண்டார். அவ்வாண்டில் ஒரு முன்தேர்தலிலும் நிற்காத துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸைப் பேராளர்களே வேட்பாளராக்கினார்கள். நவம்பரில் அவர் தோற்றார்.

இவை எல்லாவற்றினும் பெரிய குற்றம் வாக்காளர்களுடையது. 2016-இல் இரு கட்சிகளின் முன்தேர்தல்களிலும் கலந்துகொண்டவர்கள், வாக்குரிமை உள்ள நூறு பேரில் முப்பது பேர்கூட இல்லை. நவம்பரில் ஏறக்குறைய அறுபது பேர் வந்தார்கள். ‘இந்த இருவரில் எவரையும் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று நவம்பரில் முணுமுணுத்தவர்களில் எத்தனை பேர் வசந்த காலத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்களோ! நெடுங்காலம் போராடித் திறந்த கதவு. அதன் வழியே நுழைய ஆள் இல்லை.

அமெரிக்கர்களைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டத்தில் நடந்த கிளை ஆண்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பெரட்டுக் களத்தை ஒட்டிய கொட்டகை. ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களை வாசித்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். எல்லாரும் கையைத் தூக்கினோம். பத்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. அந்தத் தாள் முதல் நாள் இரவே எழுதப்பட்டது என்று அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பிறகு ஓராண்டு முழுவதும் லயத்து வாசலில் உட்கார்ந்து அந்தக் கமிட்டியைக் குறை பேசினோம். கூட்டத்துக்கு வராதவர்கள்தான் நம்மைவிட உரக்கப் பேசினார்கள்!

பால்வெட்டும் தோழருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டையில் கோடு சரியாக வெட்டப்படாவிட்டால், கீழே எவ்வளவு பெரிய மங்கு வைத்தாலும் பால் வழிந்து மண்ணில்தான் போகும். தேர்தலில் பெயர் குறிப்பது அந்தக் கோட்டைப் போன்றது; வாக்குப் பெட்டி மங்கைப் போன்றது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. கிளைக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே போட்டியிடுவோர் பெயர்கள் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படட்டும். எந்த உறுப்பினரும், வெட்டுக்காரரோ கிராணியோ, ஆணோ பெண்ணோ, ஒரு பெயரை முன்மொழியக் கூடியவராக இருக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் வந்தால் முகம் பார்த்துக் கை தூக்காமல், மறைவாகச் சீட்டுப் போடட்டும். தோற்றவரைப் பகைவராக நினைக்காமல், நாளைய செயலாளராக நினைப்போம்.

தோழர்களே! அடுத்த முறை சட்டைப் பையிலிருந்து அந்தத் தாள் வெளியே வரும்போது, எழுந்து நின்று மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இந்தப் பெயர்களை எழுதியது யார்?” அதைக் கேட்பதற்கு முதலில் நாம் கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டும்.