புது லாரிக்குப் பழைய பகைவன்

சென்ற மாதம் ஒரு நாள் காலை, தூத்துக்குடியிலுள்ள நமது நண்பர் டெலிபோனில் கூப்பிட்டார்.

"லாரி வந்துவிட்டது" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றோம்.

"துருவும் வந்துவிட்டது" என்றார்.

குரலைக் கேட்டால் லாரி குடை சாய்ந்துவிட்டதோ என்று நினைக்கும்படி இருந்தது. விஷயம் இதுதான். நண்பர் உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பும் தொழில் செய்கிறவர். இத்தனை வருஷமாய் வாடகை லாரிகளை நம்பிக் காலம் தள்ளியவர், மகன் தலையெடுத்ததும் சொந்தத்தில் ஒன்று வாங்கிவிடத் துணிந்தார். பெரும் பகுதி பாங்கிக் கடன். மீதிக்கு அவருடைய இல்லாளின் வளையல்களும் இரட்டை வடச் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. சேஸிஸ் நாமக்கல்லுக்குப் போய்ப் பாடி கட்டிக்கொண்டு, சந்தனமும் குங்குமமும் மாலையுமாய் வீடு வந்து சேர்ந்தது. மூன்றாவது வாரம் மகன் தற்செயலாகக் குனிந்து அடியில் பார்த்தான். அச்சிலும், சக்கரத்தின் நடுக் குடத்திலும், பிரேக் டிரம்மிலும் செம்பழுப்பு நிறத்தில் துரு பூத்திருந்தது. "பழைய வண்டிக்குப் பெயின்ட் அடித்து நம் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று வீடு முழுவதும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வக்கீல் நோட்டீஸுக்கு நகலும் தயாராகிவிட்டது. அதை ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பதே நமக்கு வந்த அழைப்பு.

லாரியைப் பற்றி நமக்குள்ள ஞானம், அது எதிரே வந்தால் எப்படி ஒதுங்குவது என்பதோடு முடிந்துவிடும். ஆயினும் நண்பருக்காக அன்றிரவே முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினோம்.

நல்ல வேளையாக, நாம் போய்ச் சேர்ந்தபோது லாரிக் கொட்டகையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஊரார் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள். நண்பர் கேட்டுக்கொண்டபடி அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றி, டிரம்மையும் வெளியே எடுத்து வைத்திருந்தார். அதன் வெளிப்புறம் செங்கல் நிறமாயிருந்தது. உள்புறமோ முகம் பார்க்கலாம்போல் பளபளத்தது.

"பார்த்தீர்களா, முதலாளி! ஒரே இரும்பு, ஒரே கடற்காற்று. உள்ளே பிரேக் கட்டை தினமும் தேய்க்கிறது. வெளியே தேய்ப்பார் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் அண்ணாச்சி.

டிரம் வார்ப்பிரும்பினால் ஆனது, நல்ல கனமுள்ளது. அச்சும் குடமும் கனமுள்ளவையே. இவற்றின் மேல் படிகிற துரு காகிதத் தடிப்புக்கூட இராது. லாரியின் ஆயுள் முழுவதும் அது அங்கேயே இருந்தாலும் அச்சு இளைத்துப் போய்விடாது. மேலும், சில பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும் முகத்தில் பெயின்டோ எண்ணெயோ பட்டால் வண்டி நிற்காது. சக்கரத் தட்டு குடத்தின்மேல் போய் அமரும் முகத்தில் பெயின்டைத் தடிப்பாகப் பூசினால், நாளடைவில் அது நசுங்கி இடம் விட்டு, சக்கர நட்டுகள் தளர்ந்துவிடும். அழகுக்காகப் பூசிய பூச்சு, நெடுஞ்சாலையில் சக்கரத்தையே கழற்றிவிடக் கூடியது! ஆகையால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அந்த இடங்கள் வெறும் இரும்பாக வருகின்றன. வெறும் இரும்பு தூத்துக்குடிக் காற்றில் மூன்று வாரம் சிவக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதைக் கேட்டதும் நண்பருடைய முகம் மலர்ந்தது. ஆனால் அண்ணாச்சி அதை அதிக நேரம் மலர விடவில்லை. ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் நுழைந்தார். நம்மையும் கூப்பிட்டார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாமும் நுழைந்தோம்.

சேஸிஸின் நீண்ட சட்டங்கள் கறுப்புப் பெயின்டுடன் புத்தம் புதிதாகவே இருந்தன. பாடியைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும் யு போல்டுகளின் அருகில் மட்டும் பெயின்ட் சற்று உப்பினாற்போல் தெரிந்தது. அண்ணாச்சி அதைத் திருப்புளியால் குத்தினார். தோல் உரிந்து, உள்ளேயிருந்து காப்பி நிறத்தில் ஒரு சொட்டு நீர் வழிந்தது. அப்படி ஆறேழு இடங்கள். எல்லாம் பாடி கட்டும்போது துளை போட்ட இடங்களும், வெல்டிங் வைத்த இடங்களும், போல்ட் உராய்ந்து பெயின்ட் பெயர்ந்த இடங்களுமே.

"கண்ணுக்குத் தெரிகிற துரு நோட்டீஸ் ஒட்டிவிட்டு வருகிறது. இது திருடன்" என்றார் அண்ணாச்சி.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதை இங்கே சிறிது சொல்லிவிட வேண்டும். இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்று சேர்ந்தால் துரு உண்டாகிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் நடக்காது. உண்மையில் இது மின்சார சம்பந்தமான வேலை; ஈரம் பட்ட இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பாட்டரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீரில் உப்பு கலந்தால் மின்சாரம் சுலபமாகப் பாயும்; துருவும் வேகமாக வளரும். அலுமினியத்தின்மேல் உண்டாகும் ஆக்ஸைடு கெட்டியான போர்வையாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பஞ்சு மாதிரி; ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மேலும் மேலும் உள்ளே அனுப்புகிறது. அது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், இரண்டு தகடுகளுக்கு இடையில் புகுந்துவிட்டால் தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும்.

உப்பிலும் தாரதம்மியம் உண்டு. சுத்தமான சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவுக்கு ஏறினால்தான் கசியத் தொடங்கும். உப்பளத்து உப்பிலோ மக்னீஷியம் குளோரைடும் சிறிது சேர்ந்திருக்கிறது. அது 33 அளவிலேயே நீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே நமது நண்பரின் லாரிக்கு மழையே வேண்டியதில்லை. சட்டத்தின் இடுக்கில் ஒரு பிடி உப்புத் தூள் தங்கினால் போதும். சித்திரை வெயிலிலும் அந்த இடம் நனைந்தே இருக்கும். குளிர் தேசங்களில் பனியை உருக்குவதற்காகச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அங்குள்ள லாரிக்காரர்களும் இதே சங்கடத்தைத்தான் படுகிறார்கள்.

இந்தப் பகைவனோடு நமது நாடு போராடுவது இன்று நேற்றல்ல. இதே கடற்கரையில் வடக்கே, 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை ஓயாமல் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்துத்தான் நூறு வருஷத்துக்கு மேல் காப்பாற்றினார்கள். 1964-ம் வருஷத்தியது போல் புயல்கள் எத்தனையோ வந்து போயின. ஆனால் தினமும் அரித்துக்கொண்டே இருந்தது உப்புக் காற்றுதான். 2025-ல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், பாலிசிலாக்ஸேன் என்னும் விசேஷப் பூச்சையும் உபயோகித்திருக்கிறார்கள். துருவையும் ஆராய்கிற ஒரு பெரிய சாஸ்திர நிலையம் நம்மிடம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வாரி வழங்க, 1948-ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953-ல் திறந்த காரைக்குடி மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையந்தான் அது. சுதந்திரம் வந்த மறு வருஷமே இரும்பின் ஆயுளைப் பற்றியும் கவலைப்பட்டார்கள் என்பதை நினைத்தால் நமக்குப் பெருமையாயிருக்கிறது.

நண்பரின் மகன் டில்லி இரும்புத் தூணைப் பற்றிக் கேட்டான். "1600 வருஷம் துருப்பிடிக்காமல் நிற்கிறதே, அந்த இரும்பை ஏன் இப்போது செய்வதில்லை?" என்றான். பலர் கேட்கும் கேள்விதான். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகியிருக்கிறது. டில்லியின் வறண்ட காற்றும் உதவி செய்கிறது. ஆனால் பாஸ்பரஸ் மிகுந்த இரும்பு நொறுங்கும் குணமுடையது. தூண் ஓரிடத்தில் நிற்கிறது. லாரி குண்டும் குழியுமான பாதையில் குலுங்கிக்கொண்டு ஓட வேண்டியது. முன்னோர்களை வணங்குவோம், அதற்காக அந்த இரும்பில் அச்சு செய்ய வேண்டாம்.

இனி, அண்ணாச்சி செய்த வைத்தியம். உப்பின இடங்களில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தளர்ந்த துருவையும் செத்த பெயின்டையும் முழுவதும் எடுத்தார். பிறகு உப்புத்தாளால் தேய்த்தார். (உப்பு செய்த கெடுதலுக்கு உப்புத்தாள் மருந்து என்பது தமிழுக்கே உரிய வேடிக்கை.) நல்ல தண்ணீரால் கழுவி எலும்பு மாதிரி உலர்த்தினார். எவ்வளவு தேய்த்தும் பள்ளங்களில் ஒட்டியிருந்த துருவுக்கு, கடையில் விற்கும் ஒரு கறுக்கும் திரவத்தைப் பூசினார். சிவப்பு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலக் கறுப்பாக மாறியது. அதில் உள்ளது டானிக் அமிலம். நமது பாட்டனார் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுவதற்கு மை காய்ச்சினார்களே, அதே ரஸாயனம்! கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் கறுப்பு. ஆனால் இந்தத் திரவம் மெல்லிய துருவைத்தான் கட்டும். பொருக்குப் பொருக்காக எழும்பிய துருவின்மேல் பூசினால் காசுதான் நஷ்டம். அதற்கு மேல் துத்தநாகப் பொடி கலந்த பெயின்டையோ ரெட் ஆக்ஸைடையோ பூசி, கடைசியில் கறுப்புப் பெயின்ட் அடிக்க வேண்டும். துத்தநாகப் பெயின்டுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: அது வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால், இரும்புக்கு முன்னால் தான் அரிந்து அதைக் காப்பாற்றும். மிகவும் தியாக புத்தியுள்ள உலோகம் அது.

கொட்டகையில் ஒரு டின் நிறையப் பழைய எஞ்சின் எண்ணெய் இருந்தது. அடிப்பக்கம் முழுவதும் அதைத் தெளித்துவிட்டால் துரு வராது என்று டிரைவர் ஒருவர் யோசனை சொன்னாராம். லாரிக்காரர்களிடையே இது நீண்ட நாளைய வழக்கம். நாம் இதை ஆதரிக்கவில்லை. எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் ஊதிக் கெடும். ஸ்பிரிங் பட்டைகளின் முனையிலும் பிரேக்கிலும் ரப்பர் இருக்கிறது. எண்ணெயில் புழுதியும் உப்பும் ஒட்டிச் சேறாகி நிற்கும். சொட்டுகிற எண்ணெய் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். தார் போன்ற பூச்சைக் கனமாக அப்புவதும் அப்படியே; ஓரிடத்தில் விரிசல் விட்டால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுவிடும்.

இன்னும் இரண்டு இடங்களை அண்ணாச்சி காட்டினார். ஒன்று, பிரேக்குக்குக் காற்று அடைத்து வைக்கும் தொட்டி. காற்றிலுள்ள ஈரம் அதற்குள் நீராகித் தேங்கும். அடியிலுள்ள வால்வைத் தினமும் திறந்து வடிக்காவிட்டால் உள்ளிருந்தே துரு அரிக்கும். மற்றொன்று, ஸ்பிரிங் பட்டைகள். மேலே படிந்த துரு அபாயமில்லை. ஆழமாகக் குழி விழுந்தால் அந்தக் குழியிலிருந்து வெடிப்பு கிளம்பி, பாரத்தோடு போகும்போது பட்டை முறியும்.

எல்லாம் சரி, ஆனால் முக்கியமான மருந்து இவை ஒன்றுமல்ல, தண்ணீர். ஒவ்வொரு உப்பு நடைக்குப் பிறகும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். இங்கேதான் நண்பர் மறுபடியும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய வீட்டுக் கிணற்று நீர் உப்பு. அதனால் கழுவுவதைவிடக் கழுவாமலே இருக்கலாம். நல்ல தண்ணீர் டாங்கரில் விலைக்கு வர வேண்டும். வாரத்துக்கு இத்தனை நடை, நடைக்கு இத்தனை குடம், குடம் இத்தனை ரூபாய் என்று நோட்டீஸ் நகலின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டார். கடன் தவணையையும் பக்கத்தில் எழுதினார். கூட்டிப் பார்த்துவிட்டு, "மனுஷனுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, லாரிக்கு ஸ்நானமா?" என்றார்.

காப்பி கொண்டுவந்த அவருடைய இல்லாள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் வளையலும் சங்கிலியும் அல்லவா அடியில் கிடந்து துருப்பிடிக்கின்றன? தண்ணீர் வாங்குங்கள். மற்றச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

விவாதம் அதோடு முடிந்தது. அன்று மாலையே டாங்கர் வந்தது. மகன் மல்லாந்து படுத்துக்கொண்டு குழாயைப் பிடிக்க, அண்ணாச்சி வெளியே நின்று "இடது பக்கம், தம்பி! பாட்டரிப் பெட்டிக்குப் பின்னால்!" என்று உத்தரவு போட்டார். நோட்டீஸைத் திருத்தும் வேலை நமக்கு இல்லாமற் போயிற்று.

நேற்று நண்பர் மறுபடியும் டெலிபோனில் வந்தார்.

"சைலென்ஸர் சிவந்துவிட்டது" என்றார்.

"எஞ்சின் சூட்டில் சாதாரணப் பெயின்ட் அதில் நிற்காது; சிவக்கட்டும்" என்றோம்.